தொப்பூர் ஏற்றத்தில் மட்டும் எரிந்த செக் என்ஜின் லைட்

கார் 2018 மாடல். 1.2 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், டிஎன் 70 பதிவு. ஓசூரில் வாங்கி தருமபுரிக்கு ஓட்டி வந்தது. ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மட்டும் இழுக்காது. முதல் தடவை ஏதோ தடுமாறியது போலிருந்தது. மறுபடி அதே ஏற்றத்தில் வந்தபோது செக் என்ஜின் லைட் எரிந்து, அணையாமலே இருந்தது.

இப்போது சரியாகிவிட்டது. மாற்றிய பொருள், ஒயர் நுனியில் மாட்டிப் போல்ட்டில் இறுக்கும் செம்பு வளையம், அதாவது ஒரே ஒரு லக். இதே கோளாறுக்கு, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றி, அப்புறம் பெட்ரோல் பம்பையும் மாற்றி, அதன் பிறகும் விளக்கு எரிகிறதே என்று நிற்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவருக்காவது பயன்படும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விளக்கு நிலையாக எரிந்தது, மின்னவில்லை. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மின்னினால் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடேறிக் கெட்டுவிடும், ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். நிலையாக எரிந்தால் ஆயில் விளக்கையும் டெம்பரேச்சரையும் பார்த்துக்கொண்டு மெதுவாக வீடு வரலாம். நானும் அப்படித்தான் வந்தேன்.

2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-4 வந்துவிட்டதால், இந்த வயதுக் கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே என்ஜின் கோளாறு விவரங்களைப் படிக்க உதவும் 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் 650 ரூபாய் புளூடூத் அடாப்டரைச் செருகி, போனில் இலவச ஆப் போட்டுப் பார்த்தேன். வந்த எரர் பி0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஏன் போதவில்லை என்று அது சொல்லாது.

ஆப்பில் கண்ணில் படுகிற மாதிரி 'கிளியர்' பொத்தான் இருக்கும். அதைத் தொடவில்லை. எரரை அழித்தால் அதோடு ஃபிரீஸ் ஃபிரேமும் போய்விடும். விளக்கு எரியக் காரணமான நொடியில் என்ஜின் என்ன நிலையில் இருந்தது என்று இசியு, அதாவது என்ஜினை இயக்கும் கணினி, எடுத்து வைத்திருக்கும் குறிப்பு அது. பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் பெரும்பாலும் இதே கதிதான். முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். ஆர்பிஎம் 2950, வேகம் 64, கூலன்ட் 93 டிகிரி, என்ஜின் லோடு 84 சதவீதம், லாங் டேர்ம் ஃபியூயல் ட்ரிம் +25. அதாவது வழக்கமான அளவுக்கு மேல் கால் பங்கு பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்தும் ஆக்ஸிஜன் சென்சார் 'பத்தவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பொதுவாக இது பத்துக்குள் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

அதே ஆப்பில் இன்னொரு எண்ணும் இருந்தது. பழைய கார் வாங்குகிற யாரும் பார்க்க வேண்டிய எண். 'எரர் அழித்த பிறகு ஓடிய தூரம்'. அது 428 கி.மீ. என்றது. ஓடோமீட்டரில் அப்போது 71,430. கழித்தால் 71,002. சாவி என் கைக்கு வந்தபோது ஓடோமீட்டர் 71,040. ஆக, விற்பதற்கு 38 கி.மீ. முன்னால் யாரோ எரரை அழித்திருக்கிறார்கள். கோளாறு புதிதாக வந்ததல்ல, காரோடு சேர்ந்தே வந்தது என்பது இதிலேயே தெரிந்துவிட்டது. புதுக் கோளாறு என்றால் கடைசியாகப் போட்ட பெட்ரோல், கடைசியாகச் செய்த வேலை என்று தேடலாம். பழையது என்றால் முந்தைய ஓனர் காலத்துக்குப் போக வேண்டும்.

ஊரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். நிழலில் நிறுத்தி, ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் என்ஜினை ஓடவிட்டு, ஸ்கேனர் போட்டுப் பார்த்தார். ட்ரிம் +5, எல்லாமே ஒழுங்கு. "ஓடுறப்ப மட்டும் வருதுன்னா ஆக்ஸிஜன் சென்சார்தான் தம்பி. 3,200 ஆகும், மாத்திடலாமா?" என்றார். என்ஜின் வேலையில் கைதேர்ந்தவர், அவர் பேச்சைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சென்சாரைச் சோதிக்கக் காசு செலவில்லை. என்ஜின் சூடாக இருக்கும்போது ஏர் ஃபில்டர் குழாயில் கார்புரேட்டர் கிளீனரை ஒரு சொட்டு பீய்ச்சினேன். 0.1-க்கும் 0.8-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்த சென்சார் வோல்ட் உடனே 0.8-க்கு மேலே ஏறி நின்றது. ஸ்பிரே தீர்ந்ததும் திரும்ப ஆடத் தொடங்கியது. உள்ளே பெட்ரோல் கூடினால் கூடியது என்று சொல்கிற சென்சார், குறைந்தால் குறைந்தது என்று சொல்வதையும் நம்பலாம். சைலன்சர் முன்பக்க இணைப்பில் காற்று ஒழுகினாலும் இதே எரர் வரும் என்பதால், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். குமிழி வரவில்லை.

அடுத்து எல்லோரும் சொன்னது எத்தனால். "இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அதான் லீன் காட்டுது" என்று. லீன் என்றால் பெட்ரோல் குறைந்த கலவை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோதான். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 என்று வரும்போது அது சுமார் 13.5. பத்து சதவீதம் கலந்த இ10 பெட்ரோலோடு ஒப்பிட்டால் நான்கு சதவீதம் போல அதிகம் ஊற்ற வேண்டியிருக்கும். அதனால் ட்ரிம் நான்கைந்து ஏறலாம், 25 ஏறாது. கணக்கு மட்டும் போதாது என்று, இதே என்ஜின் உள்ள நண்பரின் காரை வாங்கி, அதே பெட்ரோல் பங்க்கில் நிரப்பி, அதே ஏற்றத்தில் அடாப்டரோடு ஓட்டினேன். ஐடிலிங்கில் +4, ஏற்றத்தில் +5. எத்தனாலின் பங்கு அவ்வளவுதான்.

என் காரில் ஐடிலிங்கில் +5. சமதளத்தில் 60-ல் போனால் +12. ஏற்றத்தில் +25. இந்த மூன்று எண்களும் கிடைத்ததும் பாதி வேலை முடிந்தது. பி0171 என்றாலே 'எங்கோ காற்று உள்ளே புகுகிறது, வேக்குவம் லீக்' என்றுதான் எங்கும் சொல்வார்கள். காற்று லீக் என்றால் ஐடிலிங்கில்தான் ட்ரிம் உச்சத்தில் இருக்கும், ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குறையும். இங்கே தலைகீழ். அதோடு இந்த என்ஜினில் காற்றை நேராக அளக்கும் சென்சார் கிடையாது, சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். புகுகிற காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால் இசியு அதற்கும் பெட்ரோல் கொடுத்துவிடும். ஐடிலிங்தான் ஏறுமே தவிர, லீன் எரர் அவ்வளவு லேசில் வராது. என் காரில் ஐடிலிங் ஆடாமல் 750-ல் நின்றது. தேவை கூடக் கூடப் பற்றாக்குறை கூடுகிறது என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பம்ப், டேங்குக்குள் இருக்கும் வலை, பம்புக்குப் போகும் கரண்ட், இந்த மூன்றில் ஒன்று.

பெட்ரோல் பிரஷர் கேஜ் செட் 1,850 ரூபாய். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு என்ஜினைத் தானாக அணையும் வரை ஓடவிட்டேன். லைனில் இருக்கும் அழுத்தம் அப்போதுதான் இறங்கும், இல்லாவிட்டால் இணைப்பைக் கழற்றியதும் சூடான என்ஜின் மேலே பெட்ரோல் பீய்ச்சும். டீ இணைப்பை மாட்டி, கேஜ் ஹோஸைப் பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கேஜைக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டினேன். காருக்குள்ளே கொண்டுவரவே கூடாது, உள்ளே இருப்பது பெட்ரோல். பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்துப் பார்த்து, ஈரமில்லை என்று உறுதியான பிறகுதான் கிளம்பினேன். சின்னத் தீயணைப்பான் ஒன்று முன்சீட்டுக் கீழே.

முதலில் வத்தல்மலையில் சோதிக்கலாம் என்று போனேன், டோல் மிச்சமாகுமே என்று. சரிவரவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் கியர் மாற்றி மாற்றி ஏறுவதால் லோடு ஒரே நிலையில் நிற்பதில்லை, எண்கள் தாவிக்கொண்டே இருந்தன. மூன்றாவது கியரில் ஒரே சீராக இழுக்க வேண்டும் என்றால் தொப்பூர்தான். அங்கே அளக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தச் சாலையில் நிற்கவும் கூடாது, ஓட்டுகிறவர் கேஜைப் பார்க்கவும் கூடாது. லாரிகள் அடிக்கடி விபத்துக்குள்ளாகும் இடம். அக்கா மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவனைப் படிக்கச் சொல்லி, போனில் குரலைப் பதிவு செய்தேன்.

ஐடிலிங்கில் பெட்ரோல் அழுத்தம் 2.9 பார். இந்த என்ஜினுக்கு 3 பார் அளவு இருக்க வேண்டும், ஆகவே சரி. ஏற்றத்தின் அடியில் 2.7. பாதி ஏறும்போது 2.3. மேலே ஏறி பாளையம் டோல்கேட் வருவதற்குள் 1.95. இன்ஜெக்டர் வழியாகப் போகும் பெட்ரோல், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 2.9 இருக்க வேண்டிய இடத்தில் 1.95 என்றால் பெட்ரோல் 18 சதவீதம் குறையும், ஈடுகட்ட 22 சதவீதம் கூட்ட வேண்டும். எத்தனாலுக்கு நான்கைச் சேர்த்தால் ட்ரிம் 25-க்குக் கொஞ்சம் மேலேயே வருகிறது. கணக்கும் காரும் ஒத்துப்போனது பெரிய நிம்மதி.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் பம்ப் வாங்கிவிடுவார்கள். முழு அசெம்பிளி 6,800 ரூபாய் என்றார்கள், பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கொஞ்சம் குறையும். ஆனால் பம்புக்கு வந்து சேரும் வோல்ட் எவ்வளவு என்று இன்னும் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் போர் போட்டவர்களுக்கு இது புதிதல்ல: லோ வோல்டேஜில் தண்ணீர் ஏறவில்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்ல மாட்டோம்.

பின் சீட்டைத் தூக்கினால் வட்டமான தகடு, நான்கு ஸ்க்ரூ. அதற்குக் கீழே பம்ப் கனெக்டர். தடித்த ஒயர் இரண்டு பம்புக்கு, மெல்லியவை பெட்ரோல் அளவு காட்டும் மிதவைக்கு. கனெக்டரைக் கழற்றி அளந்தால் 12 வோல்ட் அழகாகக் காட்டும், அது ஏமாற்று. பம்ப் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் உண்மை தெரியும். அதனால் கனெக்டரை மாட்டிய நிலையிலேயே, ஒயர் நுழையும் பின்பக்கமாக சேஃப்டி பின்னைச் செருகி, 2 ஆம்பியர் ஃபியூஸோடு நீள ஒயர் இழுத்து மல்டிமீட்டரை முன்சீட்டுக்குக் கொண்டுவந்தேன். டேங்க் மூடியைத் திறக்கவில்லை. கண்ணாடிகள் நான்கும் இறக்கியே இருந்தன.

வீட்டு வாசலில் 12.6 வோல்ட். பேட்டரியில் 14.0. அதுவே நல்ல எண் இல்லை, ஆனால் பம்ப் சமாளிக்கும். சேலம் போய்த் திரும்பி, ஏற்றத்தில் பாதி வரும்போது, "மாமா, பத்துக்குக் கீழ போயிடுச்சு" என்றான் பையன். உச்சியில் 9.4.

நான்கரை வோல்ட் எங்கே போகிறது? டோல்கேட்டைத் தாண்டி, ரோட்டை விட்டு நன்றாக ஒதுங்கி, சூடு ஆறுவதற்குள் என்ஜினை ஓடவிட்டு இரண்டு அளவு எடுத்தேன். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பம்ப் பிளஸ் வரை 0.3 வோல்ட். ஃபியூஸ், ரிலே, ஒயர் எல்லாம் சேர்ந்து அவ்வளவு தின்றால் பரவாயில்லை. பேட்டரி மைனஸிலிருந்து பம்ப் மைனஸ் வரை 4.1. கோளாறு பாடி எர்த்தில், அதாவது மைனஸ் ஒயர் காரின் பாடித் தகட்டோடு சேரும் இடத்தில். உறுதி செய்ய, பம்ப் மைனஸில் செருகிய பின்னிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை சீட் போல்ட்டில் தொட்டேன். மீட்டர் 13.5-க்குத் தாவியது, பம்ப் சத்தமே மாறியது.

கறுப்பு ஒயரைக் கார்ப்பெட்டுக்குக் கீழே தொடர்ந்து போனால், டிக்கியின் இடப்பக்க உறைக்குப் பின்னால் 10 எம்எம் ஸ்பானர் போல்ட். அதில் இரண்டு லக் அடுக்கியிருந்தன. மேலே பம்ப் லக். அதற்கும் பாடிக்கும் நடுவே, யாரோ செருகிய இன்னொரு லக். அதிலிருந்து கட்டைவிரல் நீளத்துக்குத் தடித்த ஒயர் வந்து, வெட்டி விடப்பட்டு நின்றது. ரப்பர் உறைக்குள் செம்பு இழைகள் பச்சைக் களிம்பு பிடித்திருந்தன. முன்பு டிக்கியில் சவுண்டு சிஸ்டம் ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கிறார்கள். விற்கும்போது அதைக் கழற்றி, ஒயரை வெட்டிவிட்டு, லக்கை அங்கேயே விட்டுவிட்டார்கள். கீழே பாதி பெயிண்ட், பாதி துரு. போல்ட் விரலால் சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது, தொட்டால் சுட்டது. நான்கு வோல்ட்டும் நான்கு ஆம்பியருக்கு மேலும் என்றால் அந்த ஒரு புள்ளியிலேயே பதினாறு வாட்டுக்கு மேல் சூடு. சூடு ஏற ஏறப் பிடிப்பு இன்னும் கெடும். நிழலில் நிறுத்திப் பார்த்த போதெல்லாம் கார் ஒழுங்காக இருந்ததற்கும், நெடுஞ்சாலையில் ஓடி சூடாகி ஏற்றத்துக்கு வரும்போது மட்டும் சோர்ந்து போனதற்கும் காரணம் இதுதான்.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினேன். எரர் விவரம் எல்லாம் முன்பே எடுத்து வைத்திருந்ததால் அழிந்தாலும் நஷ்டமில்லை. வெட்டிய லக்கைத் தூக்கி எறிந்தேன். 120 நம்பர் எமரி தாளால் பாடித் தகட்டை ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். பம்ப் ஒயர் நுனியில் கறுத்திருந்த பகுதியை வெட்டி, புது ஈயம் பூசிய செம்பு லக்கை கிரிம்ப் செய்து, ஸ்டார் வாஷர் வைத்து இறுக்கினேன். வாஸ்லின் கடைசியில், மேலே மட்டும். இறுக்குவதற்கு முன்னால் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் எதையும் தடவ வேண்டாம்.

இப்போது எர்த் பக்கத்தில் வீணாகும் வோல்ட், அதாவது டிராப், 0.05 வோல்ட். பம்புக்கு 13.6. ட்ரிம் பூஜ்யத்திலிருந்து புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதால் ஊருக்குள் கொஞ்சம் ஓட்டிவிட்டுத்தான் தொப்பூர் போனேன். ஏற்றத்தின் உச்சியில் 2.8 பார், ட்ரிம் +6. பம்ப்பும் வலையும் நல்லபடியாகவே இருக்கின்றன. இசியுவின் சுய சோதனைகள் எல்லாம் முடிந்து, ஆப்பில் பச்சை காட்டிய பிறகும் பி0171, விளக்கை எரியவிடாமல் இசியு முதலில் குறித்துவைக்கும் பெண்டிங் பட்டியலில்கூட வரவில்லை.

லக், வாஷர், எமரி தாள் எல்லாம் சேர்த்து 35 ரூபாய். அடாப்டர் 650, கேஜ் 1,850. மல்டிமீட்டர் வீட்டில் இருந்தது. டோலும் பெட்ரோலும் தனி.

அடுத்த தடவை இதே மாதிரி எண்கள் வந்தால் வரிசையை மாற்றுவேன். பெட்ரோல் லைனைத் திறப்பதற்கு முன்னால் பம்ப் வோல்ட்டை அளப்பேன். சேஃப்டி பின்னும் மல்டிமீட்டரும் போதும், ஆபத்தும் குறைவு. வோல்ட் சரியாக இருந்தால்தான் கேஜ். பழைய கார் பார்க்கப் போகும்போது அடாப்டர் பையில் இருக்கும். எரர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அழித்த பிறகு எவ்வளவு ஓடியிருக்கிறது, சுய சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஐம்பது, நூறு கி.மீ. என்று வந்தால், ஏன் அழித்தீர்கள் என்று விற்பவரிடம் நேராகக் கேட்கலாம். டிக்கி உறையையும் நீக்கிப் பார்க்க வேண்டும். கம்பெனி போடாத ஒயர் துண்டு ஒன்று கிடந்தால், அது எந்த எர்த்தில், எந்த ஃபியூஸில் தொங்கியது என்று தேடுவது நல்லது. வேலை முடிந்ததும் அடாப்டரைச் சாக்கெட்டில் விட்டுவைக்காதீர்கள், கார் நிற்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக பேட்டரியைக் குடிக்கும்.

ஒரு வேலை பாக்கி. டிக்கியின் அதே மூலையில் கார்ப்பெட் ஈரமாக இருந்தது. இடப்பக்கப் பின்விளக்கு ரப்பர் வெடித்து மழைத் தண்ணீர் இறங்குகிறது, துருவுக்கு அதுவும் ஒரு காரணம். ரப்பருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், 240 ரூபாய் என்றார்கள். அது வந்து மாட்டியதும் எர்த் போல்ட்டை ஒரு முறை திறந்து பார்த்து, டிராப்பைத் திரும்ப அளந்துவிட்டுத்தான் உறையை மூடுவேன்.